நோஷனல் ரிசல்ட்: தமிழில் என்ன சொல்லலாம்? (ஸ்காபரோ–ரூஜ் றிவர் பட்டியலுக்காக)

வணக்கம்.

ஸ்காபரோ–ரூஜ் றிவர் மாகாணத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தமிழில் அட்டவணைப்படுத்தும் வேலையில் ஒரு சொல் இடிக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்தை 130 இடங்களிலிருந்து 103 ஆகக் குறைத்தபோது, 1999 தேர்தலுக்காக வந்த தொகுதி இது. 2018 தேர்தலோடு கலைந்தது. அதன் நிலப்பரப்பு ஸ்காபரோ வடக்கு, ஸ்காபரோ–ரூஜ் பார்க் என இரண்டு புதுத் தொகுதிகளுக்குள் போனது. 2014இல் விழுந்த வாக்குகளை 2018 எல்லைக்குள் கூட்டி, "இந்த எல்லை அன்றே இருந்திருந்தால் யாருக்கு எத்தனை வாக்கு" என்று காட்டும் அட்டவணை நிரலுக்கு ஆங்கிலத்தில் நோஷனல் ரிசல்ட் என்று தலைப்பிடுகிறார்கள். "கற்பனை முடிவு", "ஊக முடிவு" என்ற இரண்டும் என் கையில் உள்ளன. எது பொருந்தும்?

மறுமொழி 1

இரண்டும் வேண்டாம் ஐயா. வாக்குகள் உண்மையில் விழுந்தவை. அதில் கற்பனை எதுவும் இல்லை. "ஊகம்" என்றால் வாசகர் கருத்துக்கணிப்பு என்று எடுத்துக்கொள்வார். "கருத்தியல் முடிவு" என்று யாராவது சொல்லுமுன் அதையும் தள்ளிவிடலாம். கருத்தியல் இன்று கொள்கைக்கான சொல்.

கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். முதலில் ஒவ்வொரு வாக்களிப்புப் பிரிவின் (தொகுதிக்குள் தனியாக வாக்கு எண்ணப்படும் சிறு பகுதி) முடிவையும் தனித்தனியே எடுக்க வேண்டும். பிரிவு முழுவதும் ஒரே புதுத் தொகுதிக்குள் விழுந்தால் வாக்குகளை அப்படியே அங்கே சேர்க்கலாம். புது எல்லைக்கோடு பிரிவின் நடுவே போனால், இரு பக்கத்து வாக்காளர் எண்ணிக்கை விகிதத்தில் பிரிக்க வேண்டும். உதாரணத்துக்கு, 400 வாக்காளர் உள்ள பிரிவில் 240 பேர் கோட்டுக்கு மேற்கே இருந்தால், 90 வாக்கு பெற்றவருக்கு மேற்கில் 54, கிழக்கில் 36.

சிக்கல் முன்கூட்டிய வாக்களிப்பில்தான். ஒரு முன்கூட்டிய சாவடிக்குப் பல பிரிவுகளின் ஆட்கள் வருவார்கள். பெட்டியில் பிரிவு அடையாளம் இராது. பத்துப் பிரிவில் ஆறு ஸ்காபரோ வடக்குக்குப் போகிறது என்று பத்தில் ஆறு பங்கு போடுவது பிழை, பிரிவுகள் ஒரே அளவில் இல்லை. தேர்தல் நாளில் அந்த வேட்பாளருக்கு அந்தப் பிரிவுகளில் விழுந்த வாக்கு விகிதத்தில் பிரித்தால் பிழை குறையும். பின்னங்களைக் கடைசிவரை வைத்திருங்கள். இடையிலேயே முழு எண்ணாக்கினால், துண்டுகளின் கூட்டுத்தொகை பழைய தொகுதியின் மொத்தத்தோடு சில வாக்குகள் ஒத்துப்போகாது.

மறுமொழி 2

கனடாவின் தேர்தல் அமைப்பான எலெக்ஷன்ஸ் கனடா இதை "டிரான்ஸ்பொசிஷன்" என்கிறது. பறித்து வேறிடத்தில் வைப்பது என்ற பொருளில் "பெயர்ப்பு முடிவு" என்றால் என்ன? மொழிபெயர்ப்பில் உள்ள அதே பெயர்ப்பு.

மறுமொழி 3

அழகான சொல்தான் அம்மா. ஆனால் இங்கே நடந்ததற்கு அது நேர்மாறு. வாக்காளர் அதே வீட்டில் இருக்கிறார், அவருடைய வாக்கும் அங்கேயே இருக்கிறது, பெயர்ந்தது கோடு. எல்லை மாறியது சொல்லில் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் தொகுதி மறுவரையறை என்கிறார்கள், இலங்கையில் எல்லை நிர்ணயம் என்கிறார்கள். "மறுவரைவு" என்று சுருக்கினால் வரைவுப் பட்டியலோடு குழம்பும். "மீளெல்லை" குறுகியது, குழப்பமும் இல்லை.

இன்னொன்று, "முடிவு" என்ற சொல்லையே விட வேண்டும். முடிவு என்பது தேர்தல் அதிகாரி அறிவிப்பது. இதை யாரும் அறிவிக்கவில்லை, கூட்டிப் பெற்றது. எனவே "மீளெல்லைக் கணக்கு" என்பது என் முன்மொழிவு.

மறுமொழி 1 (தொடர்ச்சி)

ஏற்கிறேன். பக்கவாட்டுத் தலைப்பில் "2014 (மீளெல்லை)" என்று அடங்கியும் விடுகிறது.

இந்தத் தொகுதியில் அந்தச் சொல்லை எங்கே போடுவது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். இங்கே சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர்கள்: அல்வின் கேர்லிங் 1999 முதல் 2005 வரை, பின் நவம்பர் 2005 இடைத்தேர்தலிலிருந்து பாஸ் பல்கிசூன், இருவரும் லிபரல்கள். பல்கிசூன் 2016 மார்ச்சில் விலகினார். 2016 செப்டெம்பர் 1 இடைத்தேர்தலில் முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் ரேமண்ட் சோ வென்றார். 2014இல் மூன்றாமிடத்தில் இருந்தவர் அவர். லிபரல் தரப்பில் பிரகல் திரு, புதிய ஜனநாயகக் கட்சியில் நீதன் சாண் என இரு தமிழர்கள் அவரை எதிர்த்து நின்றார்கள்.

2018இல் சோ ஸ்காபரோ வடக்கில் நின்று வென்றார். இது கட்சி தன் இடத்தைத் தக்கவைத்ததா, லிபரல்களிடமிருந்து கைப்பற்றியதா? மீளெல்லைக் கணக்கின் அடிப்படை 2014 பொதுத்தேர்தல். ஸ்காபரோ வடக்குக்கு நிலம் கொடுத்த பழைய தொகுதிகளான ஸ்காபரோ–ரூஜ் றிவர், ஸ்காபரோ–அஜின்கோர்ட் இரண்டிலும் அன்று லிபரல்களே வென்றார்கள். இடைத்தேர்தல் வாக்கை அடிப்படையாக எடுக்கக் கூடாது. அஜின்கோர்ட் பகுதி அன்று வாக்களிக்கவே இல்லை, இரண்டு வேறு தேர்தல்களைக் கலந்ததாகிவிடும். ஆகவே பதவியில் இருந்தவருக்கு ஒரு நிரல், மீளெல்லைக் கணக்குக்கு ஒரு நிரல் எனப் பிரித்துவிடுங்கள்.

மறுமொழி 3 (தொடர்ச்சி)

மேலும் இரண்டு பொறிகள். மத்திய (கனடிய நாடாளுமன்ற) தொகுதி ஒன்றுக்கும் இதே பெயர் இருந்தது. 2011இல் ராதிகா சிற்சபைஈசன் வென்றது மத்தியத் தொகுதியில். மாகாணப் பட்டியலில் அவர் பெயர் வரக்கூடாது. அந்த மத்தியத் தொகுதி 2015 தேர்தலுக்கே கலைந்துவிட்டது, மாகாணத் தொகுதி பழைய எல்லையிலேயே 2018 வரை நீடித்தது. 2016 இடைத்தேர்தல் நடந்தபோது ஒரே வீட்டுக்காரர் மத்திய வரைபடத்தில் ஒரு தொகுதியிலும் மாகாண வரைபடத்தில் வேறொரு தொகுதியிலும் இருந்தார்.

அடுத்தது ஸ்காபரோ வடக்கு. கேர்லிங் 1985இல் முதலில் வென்றதும் அந்தப் பெயருள்ள தொகுதியில்தான். அது 1999இல் மறைந்தது. 2018இல் திரும்பி வந்தது பெயர் மட்டும், எல்லை வேறு. இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்தால் 19 ஆண்டு இடைவெளியைத் தாண்டி மீளெல்லைக் கணக்கு போட்டதுபோல் ஆகும். "ஸ்காபரோ வடக்கு (1999 வரை)", "ஸ்காபரோ வடக்கு (2018 முதல்)" என்று பிரித்து எழுதுங்கள்.

தொடக்க மடலாளர்

நன்றி. "மீளெல்லைக் கணக்கு" என்றே பதிகிறேன். விளக்கம்: முந்தைய பொதுத்தேர்தலில் பதிவான வாக்குகளை, பின்னர் மாறிய எல்லைக்குள் வாக்களிப்புப் பிரிவுவாரியாகக் கூட்டிப் பெறும் தொகை, அறிவிக்கப்பட்ட முடிவு அன்று. ஸ்காபரோ–ரூஜ் பார்க்குக்கு நிலம் கொடுத்த மற்ற இரண்டு பழைய தொகுதிகளான பிக்கரிங்–ஸ்காபரோ கிழக்கு, ஸ்காபரோ–கில்ட்வுட் ஆகியவற்றின் பிரிவுவாரி வாக்குகளையும் எடுத்த பிறகே அந்த நிரலை நிரப்புவேன்.