கதைப்பையில் என்ன வைக்கிறீர்கள்? சின்னப் பிள்ளைகளோடு உங்கள் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கிறது எங்கள் சாட்ஸ்வொர்த். இங்கே கோயில் கூடமொன்றில் சனிக்கிழமை காலைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் பதினோரு பிள்ளைகள். எல்லோர் வீட்டிலும் ஆங்கிலம்தான். ஆயா, தாத்தா, அண்ணா, வடை, ரசம் என்று வாயில் தங்கிய சில சொற்களே அவர்களிடம் இருக்கும் தமிழ். 1860-இல் இந்தியத் தொழிலாளர்களோடு முதல் கப்பல் டர்பன் வந்ததிலிருந்து எத்தனை தலைமுறை ஆகிவிட்டது! பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

குல்லாய் வியாபாரியும் குரங்குகளும் கதையைப் படங்களோடு முதல்முறை வாசித்தபோது, இரண்டாம் பக்கத்திலேயே பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். சரி, பொருள்களோடு சொல்லிப் பார்ப்போம் என்று அடுத்த வாரம் கதைப்பை என்று ஒரு பெரிய பை நிறைய அள்ளிக்கொண்டு போனேன். துணிக் குரங்கு, கூடை, மரக்கிளை, பிளாஸ்டிக் வாழைப்பழம், பின்னல் தொப்பிகள். எல்லாவற்றையும் நானே தூக்கித் தூக்கிக் காட்டினேன். பிள்ளைகள் குரங்கைப் பார்த்தார்கள், கதையை விட்டுவிட்டார்கள். குரங்குக்காக இருவர் சண்டை போட்டதில் அதன் வால் கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன்.

மூன்றாம் வாரம் ஐந்து தொப்பிகள் மட்டும் எடுத்துப் போனேன். நான் வியாபாரி, அவர்கள் குரங்குகள். "எடு", "போடு", "தா" என்ற மூன்று சொற்களுக்கு மேல் எதையும் சொல்லிக்கொடுக்க நினைக்கவில்லை. நான் விரலை ஆட்டினால் அவர்களும் ஆட்டினார்கள். காலை உதைத்தால் அவர்களும் உதைத்தார்கள். என் தொப்பியைக் கழற்றி எறிந்ததும் எல்லாம் வந்து விழுந்தன. எண்ணிப் பார்த்தால் நான்குதான் இருந்தன. "சிவப்பு எங்கே?" என்றேன். கூடம் முழுக்க "எங்கே? எங்கே?" என்று ஒரே சத்தம். ஒரு பையன் அதன் மேல் உட்கார்ந்திருந்தான்! அந்தச் சொல்லை இனி அவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்தது. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்து, குரங்கு தொப்பியை எடுக்காது, ரொட்டியைத்தான் எடுக்கும் என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னாள். அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக வந்து ஒரு முழு ரொட்டியைத் தூக்கிப் போயிருக்கிறது. இங்கே குடியிருப்பவர்களுக்கு இது புதிதில்லை. உடனே மற்றவர்களும் தங்கள் வீட்டுக் குரங்குக் கதைகளை ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் அடுத்த வாரம் வியாபாரி கூடையில் ரொட்டி கொண்டு வந்தார். "ரொட்டி தா!" என்று நான் கத்த, "தர மாட்டேன்!" என்று பதினோரு பேரும் மரத்திலிருந்து பதில் சொன்னார்கள். மரம் என்றால் நாற்காலிதான்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பீனிக்ஸிலிருந்து:

டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் நான் கிரேடு ஆர், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பின் ஆசிரியை. வகுப்பில் முப்பத்துநான்கு பேர், பாதிக்கு மேல் வீட்டில் ஜூலு பேசுகிற பிள்ளைகள். உங்கள் இரண்டாம் வாரம் எனக்கும் நடந்திருக்கிறது. பொருள் முதலில் வந்தால் புத்தகம் தோற்றுப்போகும். இப்போது முதல் நாள் வெறும் புத்தகம் மட்டும்தான். மறுநாள் அதே புத்தகத்தோடு இரண்டு அல்லது மூன்று பொருள்கள். அப்புறம் இரண்டையும் ஒரு மூலையில் வைத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். பிள்ளைகள் தாங்களே பக்கத்தைப் புரட்டிப் பொருளை நகர்த்திக் கதை சொல்வார்கள். எனக்கு அந்த மூலைதான் முக்கியம்.

குரங்கைக் கையில் கொடுத்ததும் ஒரு பையன் "இன்காவு" என்றான். ஜூலுவில் குரங்கு. நான் திருத்தவில்லை. "ஆமாம், இன்காவு என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருந்தேன். சின்னப் பிள்ளைக்குப் பதில் வர அவ்வளவு நேரம் வேண்டும், நாம்தான் பொறுக்காமல் முந்திக்கொள்கிறோம்.

கேப் டவுன் பக்கம் கயலிச்சாவில், ஒன்றேகால் வயதையொட்டிய குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கு 8 வாரம் இப்படிக் கேட்டு, காத்திருந்து, குழந்தை பார்ப்பதைப் பின்தொடர்ந்து படப் புத்தகம் பார்க்கப் பழக்கினார்கள். குழந்தைகளின் மொழியும் கவனமும் கூடியதாக 2015-இல் முடிவு வெளியானது. நம் நாட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் படித்ததைப் புரிந்துகொள்வதில்லை என்று பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்பு ஆய்வு 2021-இல் காட்டிய பிறகு, எங்கள் பள்ளியில் ஐந்து வயதுக்கே எழுத்து அட்டைகளைத் திணிக்கச் சொல்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கதையைக் கையால் பிடித்துப் பார்க்காத பிள்ளைக்கு எழுத்து மட்டும் என்ன சொல்லிவிடும்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வரும். நான் சொல்லச் சொல்ல, மதுரையிலிருந்து வந்த என் மருமகள் இதைத் தட்டச்சு செய்கிறாள்.

பேரனுக்கு இரண்டு வயது. கோழிக் கதைக்குச் சிவப்பு மணிகளைத் தானியமாகப் போட்டேன். ஒன்று வாய்க்குள் போய்விட்டது. விரலை விட்டு எடுத்தேன், என் கை நடுக்கம் நிற்க நேரமாயிற்று. கழிவறைத் தாள் சுருளின் நடுவில் அட்டைக் குழாய் இருக்கிறதே, அதற்குள் புகுகிற எதையும் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று கிளினிக்கில் அப்புறம் சொன்னார்கள். பெற்றவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது என் அம்மாவின் முறத்தை எடுத்து வைத்துக்கொள்கிறேன். கோழி வந்ததும் அவன் முறத்தைப் பிடித்துக்கொள்ள, நான் மாவுச் சல்லடையால் தட்டுகிறேன். "புடை, புடை" என்கிறான். அந்தச் சொல்லை என் மகன்கூட ஒருநாளும் சொன்னதில்லை. பொம்மைப் பழத்தை இவன் பழமாகவே எண்ணுவதில்லை. நிஜ வாழைப்பழம் என்றால்தான் கதையும் நிஜம், முடிவில் தின்றும்விடலாம்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

ஆயா, மணியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. என் பையிலிருந்த பொத்தான்களை இன்றே எடுத்துவிட்டேன். பீனிக்ஸ் டீச்சர், வரும் சனிக்கிழமை ஒரு மூலையை ஒதுக்கப்போகிறேன்.

தமிழ்ப் புத்தகம் இங்கே கிடைப்பதில்லை என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். பல கதைகள் ஆங்கிலத்திலும் இருப்பதால், தமிழ் தெரியாத அம்மாவும் வீட்டில் கூடவே பார்க்கலாம். நான் அச்செடுத்து நடுவில் நூல் போட்டுத் தைத்துக்கொள்கிறேன்.

ஆயா, ஈஸ்டர் நாள்களில் டர்பன் பக்கம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் நடக்கும் திருவிழாவுக்கு வருவீர்களா? வந்தால் முறத்தையும் கொண்டுவாருங்கள். எங்கள் பிள்ளைகள் பதினோரு பேரும் ஒருமுறை பிடித்துப் பார்க்கட்டும்.