புதுப்பிப்பு: தரை 9 சென்ரிமீற்றர் அசைந்தும் கோப்பை ஏன் விழவில்லை?

2004 டிசம்பர் 26 சுமாத்திரா நிலநடுக்கத்தின்போது கண்டிக்கு அருகே பல்லேகலை நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் தரை ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் மேலும் கீழுமாக அசைந்ததைச் சுட்டி, மலையகத்துச் சுவர்கள் தப்பியதே அதிசயம் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அப்படியானால் அட்டனில் எங்கள் லயத்து அடுப்பங்கரைத் தட்டிலிருந்த பிளேன்ரீக் கோப்பைகூட ஏன் விழவில்லை என்று ஒருவர் கேட்டார். பிழை என்னுடையதுதான்: பொருட்களை விழுத்துவது தரை எவ்வளவு தூரம் அசைந்தது என்பதல்ல, அந்த அசைவின் வேகம் எவ்வளவு சடுதியாக மாறியது என்பதே, அதாவது முடுக்கம். அலை ஒருமுறை எழுந்து தணிய 20 செக்கன் என்று கொண்டால், முடுக்கம் புவியீர்ப்பின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

இன்னொரு பிழை, அந்த அசைவைக் கணினியில் உருவகப்படுத்தியபோது நிலநடுக்கத்தின் மூலத்தை ஒரே புள்ளியாக வைத்தது. உண்மையில் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளப் பிளவு பல நிமிடங்களாக வடக்கு நோக்கிக் கிழிந்து சென்றது. ஆகவே அதைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் எப்போது, எவ்வளவு வழுக்கியது என்று கொடுத்து, அவற்றின் அலைகளைக் கூட்டவேண்டும். நீண்ட அலைகளை (மெதுவாக எழுந்து தணிபவை) நிலத்தடி வேகப் படிமத்திலிருந்து, அதாவது பாறைகளினூடே அலைகள் எங்கே எவ்வளவு வேகமாகச் செல்லும் என்ற வரைபடத்திலிருந்து, நேரடியாகக் கணிக்கலாம். விரைவான அதிர்வுகளுக்கு அப்படிமத்தின் நுணுக்கம் போதாததால் அவற்றைப் புள்ளிவிபரப்படி தற்செயலாக உருவாக்கும் எழுமாற்று முறையே கைகொடுக்கிறது. (மலையகத்துக்கு அம்முறை தேவையில்லை, இவ்வளவு தூரத்தில் விரைவான அதிர்வுகள் தேய்ந்துவிடும்.) நீண்ட அலைகளுக்கு அஞ்சவேண்டியவை, அவற்றைப் போலவே மெதுவாக ஆடும் உயர்ந்த கட்டடங்களே: ஜப்பானின் 2011 தோஹோக்கு நிலநடுக்கத்தில், 700 கிலோமீற்றருக்கு அப்பால் ஒசாக்காவில் 55 மாடிக் கட்டடமொன்று நிமிடக்கணக்கில் ஆடியது.