ஆன்லைன் போக்கர்ல எதிராளியோட புள்ளிவிவரம் காட்டற சாஃப்ட்வேர், 3-பெட்டுக்கு (ரைஸ் மேல மறுபடி ரைஸ்) ஃபோல்டு (கையை விட்டுடறது) 100%னு காட்டுச்சு, நம்பி ப்ளஃப் பண்ணி டேபிள்ல வச்சிருந்த மொத்த ஸ்டாக்கும் போச்சு. எத்தனை ஹேண்ட் இருந்தா நம்பலாம்?

ராத்திரி_ஷிஃப்ட்:
டொராண்டோல இருக்கேன், இங்க ஒன்டாரியோல 2022 ஏப்ரல்ல இருந்து லைசென்ஸ் உள்ள சைட்ல ஆடலாம் (இந்தியால 2025 ஆகஸ்ட் சட்டத்துக்கப்புறம் காசு வச்சு ஆட முடியாதுன்னு தெரியும், பேச்சு அந்தப் பக்கம் போக வேண்டாம் ப்ளீஸ்). 6 பேர் டேபிள், பிளைண்ட் (கட்டாயமா வைக்கிற பெட்) 10/25 சென்ட், கீழ 1 பிளைண்டுன்னா 25 சென்ட். கட்-ஆஃப்ல (பட்டனுக்கு முந்தின சீட்) ஒருத்தர் 2.5 பிளைண்டுக்கு ரைஸ். 60 ஹேண்ட்ல அவர் விபிஐபி (தானா காசு போட்டு உள்ள வர்ற ஹேண்ட் சதவீதம்) 45, பிஎஃப்ஆர் (ஃப்ளாப்புக்கு முன்னாடி ரைஸ் பண்ற சதவீதம்) 15, 3-பெட்டுக்கு ஃபோல்டு 100. நான் பட்டன்ல (டீலர் சீட்) ஸ்பேட் ஏஸ்-5 வச்சு 8 பிளைண்டுக்கு 3-பெட் போட்டேன், கால் பண்ணார் (அதே அளவு காசு போட்டார்). ஃப்ளாப் (முதல் மூணு பொதுக் கார்டு) கிங்-9-2, அடிச்சேன் கால், டர்ன்லயும் (நாலாவது கார்டு) கால், ரிவர்ல (கடைசிக் கார்டு) ஆல்-இன், கிங்-குயின் காட்டினார். 25 டாலர் காலி. காசை விட, நம்பர் பார்த்து ஆடியும் இப்படி ஆச்சேன்னுதான் தூக்கம் வரல.

மூணாவது_தெரு:
அந்த 100 மேல மவுஸ வச்சுப் பாரு, எத்தனை சான்ஸ்ல வந்ததுன்னு காட்டும்.

ராத்திரி_ஷிஃப்ட்:
3க்கு 3 ணா.

கணக்கு_வாத்தி:
அங்கதான் தம்பி கோளாறு. ஹேண்ட் எண்ணிக்கை 60ன்னு இருந்தாலும் இந்த நம்பருக்கு சாம்பிள் 60 இல்ல, வெறும் 3. சாதாரணமா 55% ஃபோல்டு பண்றவர் தொடர்ந்து மூணு தடவை ஃபோல்டு பண்ண வாய்ப்பு 0.55ஐ மூணு தடவை பெருக்கினா வரும், 0.166, அதாவது ஆறுல ஒருத்தர். நீ 50 பேரைப் பார்த்தா அதுல எட்டு பேர் சும்மாவே 100னு மின்னுவாங்க, நம்ம கண்ணு போறதும் அவங்க மேலதான்.

நான் பண்றது என்னன்னா, ஆளைத் தெரியாதப்ப எல்லாரும் 55ன்னு வச்சுக்கிட்டு, அதை ஏற்கனவே பார்த்த 10 சான்ஸ் மாதிரி சேத்துக்குவேன். 3 கூட்டல் 5.5, அதை 13ஆல வகு, 65% வரும். இப்ப உன் பெட்டைப் பாரு, நடுவுல ஏற்கனவே இருக்கிற 4 பிளைண்டைப் பிடிக்க 8 வைக்கிற, அவர் மூணுல ரெண்டு தடவை, அதாவது 67% ஃபோல்டு பண்ணாத்தான் அந்த இடத்துலயே கட்டும். 100ன்னு நம்பினா அள்ளிக்கலாம், 65ன்னா இழுபறி. அதோட அவர் கால் பண்ணதும் அந்த நம்பர் செத்துப்போச்சு, அப்புறம் பார்க்க வேண்டியது விபிஐபியைத்தான். 60 ஹேண்ட்ல 45னா நிஜம் 32லருந்து 58க்குள்ள எங்கயும் இருக்கலாம், எப்படிப் பார்த்தாலும் லூஸ் (நிறைய கை ஆடறவர்). லூஸா ஆடுறவர்கிட்ட மூணு தெருவும் (ஃப்ளாப், டர்ன், ரிவர்) ப்ளஃப் அடிக்கவே கூடாது.

ஸ்கார்பரோ_மழை:
தம்பி, எனக்கு இதே பிழை மற்றப் பக்கத்தால வந்தது. ஒராளுக்கு 3-பெட் 0 எண்டு காட்டினது, 20 சான்ஸ். சரியான பயந்த ஆள் எண்டு நினைச்சன். பிறகு இருந்து கணக்குப் பாத்தன். குயின் ஜோடியும் அதுக்கு மேலயும் ஏஸ்-கிங்கும் சேர்ந்தா 1326ல 34 கொம்பினேசன்தான், 2.6%. அந்தக் கைகளுக்கு மட்டும் 3-பெட் போடுற ஆளுக்கும் 20 சான்ஸில ஒண்டும் வராமல் இருக்க 60% வாய்ப்பு இருக்கு. கை வரேல்லை, அவ்வளவுதான். அதை விட அவர் ஒருக்கா ஷோடவுனில (கடைசியில கையைக் காட்டேக்க) என்ன காட்டினவர் எண்டு குறிச்சு வையுங்கோ. முதல் ஆள் ரைஸ் பண்ண, ஜாக்-4 வேற வேற சூட்டில கால் பண்ணினதை ஒருக்காக் கண்டால் நூறு கை பாத்தது மாதிரி.

ராத்திரி_ஷிஃப்ட்:
ரெண்டு பேருக்கும் நன்றி. டேட்டாபேஸைத் திறந்து அந்த மூணு ஃபோல்டையும் ஓட்டிப் பார்த்தேன். ரெண்டு, பிளைண்டுல இருந்தவர் 40 பிளைண்டு ஆல்-இன் தள்ளினதுக்கு. என்னோடது மாதிரி 3-பெட்டுக்கு ஃபோல்டு ஒண்ணே ஒண்ணுதான். இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு, அந்த 60ல 22 ஹேண்ட் டேபிள்ல மூணு பேர் மட்டும் இருந்தப்ப ஆடினது, அதுல 14 தடவை உள்ள வந்திருக்கார். 6 பேர் இருந்த 38ல 13 தான்.

கணக்கு_வாத்தி:
அப்ப 34%. மூணு பேர்னா யாரா இருந்தாலும் நிறைய கை ஆடத்தான் வேணும். 38 ஹேண்டுக்கு 34னா 19லருந்து 49 வரை போகும். எப்படிப் பார்த்தாலும் லூஸ்னு நான் சொன்னதை வாபஸ் வாங்கறேன் தம்பி, அது உறுதி இல்ல. அந்த கிங்-குயின் கால் கூட டாப் பேர் (பொதுக் கார்டுல பெரியதோட ஜோடி) வச்சிருக்கிற யாரும் பண்றதுதான்.