மறு: துருவப் பெரும்பனிக்கு ஒரு சொல் – ‘பனியடை’ சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை நேற்று இரவு ஒருசேரப் படித்தேன். பெரம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் அறிவியல் மன்றத்துக்காக, துருவங்களில் பனி எப்படி வந்தது என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். அண்டார்க்டிகாவையும் கிரீன்லாந்தையும் மூடிக் கிடக்கும் அந்தப் பெரும்பனியை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல்தான் இந்த இழையைத் தொடங்கினேன். பனிவிரிப்பு, பனித்தகடு, பனிப்படலம், பனிப்பாளம் என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கும் எனக்கு மனத்துக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் மூன்றும் ‘ஐஸ் ஷீட்’ (ice sheet) என்ற ஆங்கிலச் சொல்லின் நிழலில் பிறந்தவை. ஆங்கிலத்தார் தாளுக்கும் படுக்கை விரிப்புக்கும் தகரத்துக்கும் சொல்லும் ‘ஷீட்’ என்ற சொல்லையே இதற்கும் வைத்துவிட்டார்கள். நாமும் அதையே பிடித்துக்கொண்டால், கேட்கும் பிள்ளை மெல்லிய ஒன்றைத்தான் நினைத்துக்கொள்ளும். அண்டார்க்டிகாவில் பனியின் சராசரி உயரமே 2 கிலோமீட்டர். பரப்பு 1.4 கோடி சதுர கிலோமீட்டர், அதாவது நூறு தமிழ்நாட்டுக்கும் மேல். இதைப் ‘படலம்’ என்றால் பால்மேல் ஆடை மாதிரி ஆகிவிடும்.

பனிப்பாளம் இவற்றைவிடப் பரவாயில்லை, கனம் இருக்கிறது. ஆனால் பாளம் என்றதும் பாளம் பாளமாக வெடித்த ஏரிதான் கண்ணில் வருகிறது. கடலில் உடைந்து மிதக்கும் பனித்துண்டுகளுக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்வோம், அங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

‘பனி என்றாலே நமக்கு மார்கழிப் பனிதானே, பேசாமல் ஐஸ் என்றே எழுதுங்கள்’ என்று திருவல்லிக்கேணி ஐயா எழுதியிருந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க 1842-இல் கட்டிய கட்டடத்தால் ஒரு வட்டாரத்துக்கே ஐஸ் ஹவுஸ் என்று பெயர் நிலைத்த ஊர் இது. ஆனாலும் பனிக்கட்டி, பனியாறு இரண்டும் பாடநூலில் பழகிவிட்டன. பனி என்ற முன்பாதியை மாற்றினால் அவற்றோடு உறவு அறுந்துவிடும். சிக்கல் பின்பாதியில்தான்.

அதைத் தேட, இந்தப் பனி பிறந்த கதைக்கே போய்ப் பார்த்தேன். பெரும்பனி உண்டாகக் கடுங்குளிர் மட்டும் போதாது. குளிர்காலத்தில் விழுந்தது கோடையில் உருகித் தீராமல் மிஞ்ச வேண்டும். மிஞ்சியதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி விழும், அதன்மேல் இன்னொன்று. அடியில் இருப்பது கனத்தில் இறுகி, காற்றுக் குமிழிகளை உள்ளே சிறைவைத்துக்கொண்டு கட்டியாகும். பனி உயர உயர அதன் உச்சி குளிர்ந்த காற்றுக்குள் போகும், உருகுவது இன்னும் குறையும். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புவதும் சேர்ந்துகொள்ளும். ஒரு கட்டத்துக்கு மேல் தன் பாரமே தாங்காமல் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நகரத் தொடங்கும். திடப்பொருள்தான், ஆனாலும் ஓடுகிறது.

அண்டார்க்டிகாவில் இது நடந்தது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கு முன் அங்கே காடு இருந்தது. கடலடியில் கிடைக்கும் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளில் இதற்குத் தடயம் இருக்கிறது. ஆக்சிஜனில் எடை வேறுபட்ட வகைகள் உண்டு. எடை குறைவான ஆக்சிஜன்-16 உள்ள நீர் கடலிலிருந்து எளிதில் ஆவியாகும். அது பனியாக நிலத்தில் தங்கிவிட்டால் கடலில் எடை கூடிய ஆக்சிஜன்-18-இன் பங்கு ஏறும். குளிர்ந்த நீரும் அந்த ஏற்றத்தை ஓட்டில் கூட்டிக் காட்டும். சில லட்சம் ஆண்டுகளுக்குள், படிகளாக, அந்த ஏற்றம் பதிவாகியிருக்கிறது.

காரணம் என்ன? தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் விலகி, அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் நீரோட்டம் உண்டாகி, வெப்பம் தடுக்கப்பட்டது என்பதுதான் நெடுநாள் விளக்கம். 2003-இல் காலநிலை ஆய்வாளர்கள் ராபர்ட் டிகாண்டோவும் டேவிட் பொல்லார்டும் கணினி மாதிரி வைத்து, கார்பன் டை ஆக்சைடு குறைந்ததே முதன்மைக் காரணம், கடல்வழி திறந்தது துணைக் காரணம் என்று காட்டினார்கள். பிற்பாடு வந்த கணக்குகளில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எந்த அளவுக்குக் குறைந்தால் பெரும்பனி பிடிக்கத் தொடங்கும் என்ற வாசல், தெற்கே பத்து லட்சத்தில் சுமார் 750 பங்கு, வடக்கே சுமார் 280. கிரீன்லாந்திலும் மற்ற வடநிலங்களிலும் பெரும்பனி பரவியது ஏறத்தாழ 27 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். இரண்டுக்கும் இடையே மூன்று கோடி ஆண்டு இடைவெளி ஏன் என்பது இந்த இரண்டு எண்ணில் ஓரளவு விளங்கிவிடுகிறது. எனக்கு இந்தக் கட்டுரையிலேயே மிகப் பிடித்த இடம் இது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். விழுந்து, மிஞ்சி, இறுகி, தடித்து, தானே பரவுவது. நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் ‘அடை’ இதற்குப் போதும் என்று படுகிறது. தேனடையில் அடை உண்டு. வாய்க்காலில் மண் அடைகிறது. விடாமல் பெய்தால் அடைமழை. சமையலறையில் கெட்டியான அடை மாவைக் கல்லின் நடுவில் குவித்தால், நடுவில் தடித்து, ஓரம் நோக்கி மெல்ல நகரும். பனியும் இப்படித்தான் நகர்கிறது. ஆகவே பனியடை. அண்டார்க்டிகப் பனியடை, கிரீன்லாந்துப் பனியடை. 50,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தால் அது பனிக்கவிகை (ice cap). நிலத்தைவிட்டுக் கடல்மேல் நீண்டு மிதக்கும் பகுதிக்கு மிதவையடை என்று வைக்கலாமா?

பழைய காலங்களுக்கும் இந்தச் சொல் ஈடுகொடுக்கிறது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவே கோண்டுவானா என்ற பழைய தென்பெருங்கண்டத்தின் பனியடைக்குக் கீழே இருந்தது. ஒடிசாவின் தால்ச்சேரில் பனி இழுத்து வந்து போட்ட பாறைக்குண்டுகளை 1856-இல் கண்டறிந்தார்கள். அப்புறம் நம் ஊர்க் கதை ஒன்று. பல்லாவரத்திலும் பறங்கிமலையிலும் இருக்கும் சார்னோக்கைட் பாறை கிழக்கு அண்டார்க்டிகாவிலும் உண்டு, இரண்டு நிலமும் ஒட்டியிருந்த காலத்தின் மிச்சம். பெரம்பூர்ப் பிள்ளைகளைப் பல்லாவரம் கூட்டிப்போய் அந்தக் கல்லைத் தொடச் சொல்லி, இதன் உறவுக்காரக் கல்மேல்தான் அந்தப் பனியடை உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல ஆசை.

‘பனி அடைந்தது’ என்று வினையாகப் படித்துக் குழம்புவார்களோ என்ற மதுரை அக்காவின் கேள்வி நியாயமானது. தேனடையை யாரும் அப்படிப் படிப்பதில்லை என்பதால் நான் துணிகிறேன். வேறு தடை தெரிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை கட்டுரை அச்சுக்குப் போகிறது. மிதவையடை பற்றித்தான் எனக்கு இன்னும் முழு நிறைவில்லை.