சைலன்சர் மாட்டிய .300 பிளாக்அவுட்: மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

டெக்சாஸில் வெள்ளைவால் மான் வேட்டைக்குத் தோட்டா தேர்வு செய்ய உதவி வேண்டும். .300 பிளாக்அவுட் என்ற தோட்டா வகையைச் சுடும் ரைஃபிள், 16 அங்குலக் குழல், 1:8 முறுக்கு (குழலின் உள்வரி 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று), முனையில் சைலன்சர். சுடும் தூரம் 100 யார்டுக்குள்.

ஒலிவேகத்துக்குக் கீழே போகும் 190 முதல் 220 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டுகள் உண்மையிலேயே அமைதியானவை. ஆனால் வேகம் வினாடிக்கு 1,050 அடி அளவில்தான், ஆற்றல் சுமார் 500 அடி-பவுண்டு. இந்த வேகத்தில் மேட்ச் குண்டு (இலக்குப் போட்டிக்கானது) விரியாது. சின்னத் துளை போட்டு வெளியேறிவிடும். மான் காயத்தோடு ஓடி, புதருக்குள் கிடந்து சாகும். அது நடக்கவே கூடாது. அதனால் குறைந்த வேகத்திலும் விரியும்படி செய்த ஹார்னடி சப்-எக்ஸ் 190 கிரெய்ன் ஒன்றுதான் அந்த வகையில் பரிசீலனையில் இருக்கிறது.

இன்னொன்று பார்ன்ஸ் 110 கிரெய்ன் செம்புக் குண்டு. வேகம் 2,300 அடியை ஒட்டி. குண்டு ஒலியை முந்துவதால் எழும் 'படீர்' சத்தத்தைச் சைலன்சரால் தடுக்க முடியாது, குழல்வாய் வெடிப்பை மட்டும் அடக்கும். மானுக்கு இதுவே நியாயமான சாவு என்று தோன்றுகிறது.

சப்-எக்ஸ் 50 யார்டில் விலா எலும்பைத் தாண்டி எவ்வளவு விரிகிறது? குளிர்காலையில் 1:8 முறுக்கில் நிலையாகச் சுழல்கிறதா? தள்ளாடினால் சைலன்சரின் உள்தகட்டில் உரசுமே. இந்த இரண்டு தோட்டாக்களுக்கும் இடையே குண்டு படும் இடம் எத்தனை அங்குலம் மாறுகிறது? சுட்டுப் பார்த்தவர்கள் உங்கள் குழல் நீளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.