இரட்டை வேட 'மாஸ்க்' ஷாட்: 16 எம்.எம். கேமரா கைப்பிடி தேவை (டர்பன்)

வணக்கம். சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு, 1980-களின் இரட்டை வேடக் காட்சிகளை எப்படி எடுத்தார்கள் என்று தீபாவளிக்கு முன் செய்தே காட்டப் போகிறோம். போலெக்ஸ் எச் 16 கேமரா இருக்கிறது. ரீலைப் பின்னோக்கிச் சுற்றும் கைப்பிடி இல்லை. அது இல்லாமல் எதுவும் நடக்காது.

லென்ஸுக்கு முன் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, இடப்பக்கம் நடிகரை 20 விநாடி எடுக்க வேண்டும்; விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் அது 480 ஃபிரேம். லென்ஸை மூடி அதே 480-ஐப் பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றி, அதே நடிகரை வலப்பக்கம் எடுக்க வேண்டும். முக்காலி ஒரு மயிரிழை அசைந்தாலும் நடுவில் கோடு விழும். அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை) இடையில் தொடவே கூடாது: அட்டை விளிம்பு எவ்வளவு மங்கலாகத் தெரியும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மாறினால் இணைப்பில் கறுப்புப் பட்டையோ வெளிச்சக் கீற்றோ வரும். டர்பன் மேகத்தை நம்ப முடியாது, அதனால் உள்ளே விளக்கு வைத்தே எடுக்கிறோம். இணைப்பு கதவு நிலையின் மேல் விழுந்தால் கண்ணுக்குப் படாது. நடிகர் கை இந்த இணைப்புக் கோட்டைத் தாண்டினால் வெட்டுப்படும். பழைய படங்களில் இருவரும் கை குலுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் யாரிடமாவது அந்தக் கைப்பிடி இருந்தால், இரண்டு வார இரவலுக்குத் தருவீர்களா? மேட் பாக்ஸும் (லென்ஸுக்கு முன் மறைப்பைப் பொருத்தும் பெட்டி) இருந்தால் நல்லது. இல்லையென்றால் அட்டையிலேயே செய்துகொள்வோம்.