வியாழக்கிழமை ஆங்கில நேர்முகத் தேர்வு

நான்: வியாழக்கிழமை தொலைபேசியில் நேர்முகத் தேர்வு. என் ‘வி’யும் ‘டபிள்யூ’வும் ஒன்றுபோலவே கேட்கின்றனவாம். யாராவது உதவுங்களேன்.

அண்ணன்: மெதுவாகப் பேசு. போதும்.

பெரியப்பா: வேகம் காரணமில்லை, தம்பி. வாய் எப்படி நிற்கிறது என்பதுதான். கண்ணாடி முன் நில், அம்மா. ‘வி’க்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், இடையில் காற்று அதிர்ந்தபடி கசிய வேண்டும். ‘டபிள்யூ’வுக்குப் பல் படவே கூடாது. ‘ஊ’வுக்குக் குவிப்பதுபோல் உதட்டைக் குவித்துச் சட்டென்று விரி. பனியனுக்கும் மேற்குத் திசைக்கும் நாம் ஒரே ‘வெஸ்ட்’டைத்தானே சொல்கிறோம்! நம் வகரத்துக்கே மேற்பல் இதழில் பொருந்த வேண்டும் என்கிறது நன்னூல். நாம்தான் பட்டும் படாமலும் விட்டுவிடுகிறோம்.

சித்தப்பா: பல்செட் இல்லாவிட்டால் அப்பாவுக்கு ‘வி’ வராது!

அத்தை: நல்லவேளை, நினைவுபடுத்தினாய். நாளை அப்பாவைப் பல் மருத்துவரிடம் அழைத்துப்போவது யார்?

சித்தப்பா: போன முறை நான் போனேன்.

நான்: பெரியப்பா, ‘ஜீரோ’வும் சரியில்லையாம்.

பெரியப்பா: ‘ஜ’ சொன்னால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும். ‘இசட்’டுக்கு ஒட்டக் கூடாது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டு. நாக்கை அசைக்காமல் குரலை மட்டும் சேர். தொண்டையில் விரல் வைத்துப் பார், அதிரும்.

அண்ணன்: எனக்கு வண்டு பறப்பதுபோல் வருகிறது.

பெரியப்பா: அதேதான்! அடுத்து, பேரிக்காய்க்கு ஆங்கிலத்தில் ‘பேர்’. உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு சொல். முதல் எழுத்திலேயே தாள் படபடக்க வேண்டும். அந்த மூச்சு இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் காதில் அது கரடியாக விழலாம்.

அத்தை: கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் என் வீட்டுக்காரரைத் திருத்தினீர்களே, அதுவும் இந்த எழுத்துதானே, அண்ணா?

பெரியப்பா: அவர் நன்றாகப் பேச வேண்டும் என்றுதான், அம்மா.

அத்தை: தனியாகச் சொல்லியிருக்கலாம்.

பெரியப்பா: சொல்லியிருக்கலாம்.

நான்: இன்றிரவு வீடியோ அழைப்பில் வருகிறீர்களா, பெரியப்பா?

பெரியப்பா: 9 மணிக்கு. கண்ணாடியும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். ‘த்ரீ’யை இப்போதே பழகு. நம் தகரம்போல் காற்றை அடைத்துத் திறக்காதே. நாக்கு நுனியை மேற்பல் விளிம்பில் லேசாக வைத்து, காற்றை நிறுத்தாமல் ஊது.

அத்தை: 9 மணிக்கு அப்பா தூங்கிவிடுவார். எட்டரைக்கு வையுங்கள்.

பெரியப்பா: எட்டரைக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேனே.

சித்தப்பா: மருத்துவரிடம் யார் போவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.